கே இல்லாத சொல்

என்னை ஏமாற்றிய மனுஷனுக்குப் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டுதான் நான் பாதி இங்கிலிஷ் படித்தேன். மீதிப் பாதியைக் குடிவரவுக்காரர் அனுப்பிய கடிதங்கள் படிப்பித்தன. பள்ளிக்கூடத்துக்கு இதில் பெரிய பங்கு கிடையாது. அதற்கும் எனக்கும் கொஞ்ச நாள்தான் பழக்கம்.

அந்த சீட் ஒரு பழைய வெள்ளை வேனின் முன் சீட். வேன் அண்ணையுடையது. அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே இத்தாலிக்கார முதலாளியிடம் இரண்டு பேரும் டைல்ஸ் பதிக்கிற வேலை செய்தோம். அவர் என்னைவிட மூத்தவர், கல்யாணம் முடித்தவர், அதனால் அண்ணை. காலையில் பெண்டில் ஹில் ஸ்டேஷன் வாசலில் என்னை ஏற்றிக்கொள்வார். மோட்டர்வேயில் ஏறிய உடனே வண்டிகள் நின்றுவிடும். வேனில் ரேடியோ வேலை செய்யாது. அண்ணைக்குப் பாடவும் வராது, ஆனால் பாடுவார். அவரைப் பாடவிடாமல் செய்யத்தான் நான் அந்த விளையாட்டைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு இதுதான். சிட்னியில் புது நம்பர் பிளேட்டுகளில் முதலில் மூன்று எழுத்து வரும். முன்னால் நிற்கிற காரின் மூன்று எழுத்தையும் பார்த்து, அந்த மூன்றும் உள்ள ஒரு இங்கிலிஷ் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம், நடுவில் வேறு எழுத்துகள் எத்தனையும் இருக்கலாம், ஆனால் மூன்றில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. ஆட்களின் பெயரும் ஊர்ப் பெயரும் செல்லாது. போனில் தேடக் கூடாது. வேலை இடத்துக்குப் போய்ச் சேரும்போது யார் பின்னால் நிற்கிறாரோ அவர்தான் அன்றைக்கு டைல் பசை குழைக்க வேண்டும். பசை குழைக்கிறது லேசான வேலை இல்லை. தோள் கழன்றுவிடும்.

அண்ணை என்னைவிடப் படித்தவர். யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் வரை போனவர். ஆனால் அவருக்கு வருகிற சொல் எல்லாம் சாப்பாட்டுச் சொல்லாகவே இருக்கும். பி, ஆர், டி என்று பிளேட்டில் நின்றால் பிரெட் என்பார். சி, கே, என் என்றால் சிக்கன். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வருகிறார் என்று அர்த்தம்.

"அண்ணி உங்களுக்கு ஒண்டும் தாறேல்லையோ?" என்று கேட்பேன்.

"உன்ர வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

எனக்கு வருகிற சொற்கள் வேறு மாதிரி. நான் பதின்மூன்று பதினாலு வயதில் அப்பாவோடு படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் கொஞ்சக் காலம் இருந்தோம். அப்பாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, அதனால் வருகிற கடிதம் எல்லாவற்றையும் நான்தான் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். பிறகு வெளியே விட்டார்கள், பள்ளிக்கூடம் போனேன், வீட்டுக் கஷ்டத்தில் இடையிலேயே விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கடிதச் சொற்கள் மண்டையை விட்டுப் போகவில்லை. பி, என், ஜி என்று பிளேட்டைக் கண்டால் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்கு பெண்டிங், முடிவு இன்னும் வரவில்லை என்கிற சொல்.

ஒரு நாள் முன்னால் நின்ற லொறியில் டி, பி, ஆர்.

"பவுடர்," என்றார் அண்ணை. "பால் பவுடர்."

"டிபோர்ட்," என்றேன் நான்.

"டேய், காலங்காத்தால அந்தச் சொல்லைச் சொல்லாத."

"ஏன் அண்ணை, உங்கட பவுடரைவிட ஒரு எழுத்தும் கூடக் குறைய இல்லை. ரெண்டும் ஆறெழுத்து."

"எழுத்தை எண்ணாத. தண்ணியைக் குடி, வாயைக் கழுவு." அவர் உண்மையாகவே போத்தலை நீட்டினார். நான் குடித்தேன். ஆளை நாடு கடத்துகிற அந்தச் சொல் என் பக்கத்தில் வரவே கூடாது என்று அவருக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்காகத்தான் எனக்கு அவரில் அவ்வளவு விருப்பம். இப்போது எழுதும்போது கையைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

சொந்தமாகத் தொடங்குகிற கதையும் அந்த வேனில்தான் வந்தது. அண்ணை டைல்ஸ் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுத்திருந்தார். எனக்கு லைசென்ஸ் இல்லை, கைதான் இருக்கிறது. ஆனால் கை நல்ல கை. மூலையில் சரியாக வெட்டி வைப்பதில் என்னை முதலாளியே மற்றவர்களுக்குக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"நீயும் நானும் பாதிப் பாதி," என்றார் அண்ணை. "புது வேன் எடுப்பம். குளியலறை வேலை மட்டும் செய்வம். முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை. நீயும் முதலாளி, நானும் முதலாளி."

"அப்ப பசை குழைக்கிறது ஆர்?"

"அதுக்கு ஆளை வைப்பம்."

எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு இனித்தது என்றால், அதே மாதம் இத்தாலிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னை அப்ரண்டிஸாகப் பதிகிறேன், வாரத்தில் ஒரு நாள் தொழிற்கல்லூரிக்குப் போ, முடித்தால் உனக்கே லைசென்ஸ் எடுக்கலாம்" என்று சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வயதுக்கு அப்படி ஒருத்தர் கேட்பது பெரிய விஷயம். அண்ணையிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"நல்ல வேலை செய்தாய். முதலாளிக்கு ஆரும் அப்ரண்டிஸ் குடுப்பினமோ?"

அடுத்தது கம்பெனிக்குப் பெயர். அண்ணைக்கு நாலு சொல் சேர்ந்த பெயர் பிடிக்காது. ஒரே ஒரு இங்கிலிஷ் சொல், அதில் இரண்டு பேருடைய பெயரின் முதல் எழுத்தும் இருக்க வேண்டும். அவருக்கு ஆர், எனக்கு கே. அதோடு எண் கூட்டினால் ஆறு வர வேண்டும். இது அண்ணியின் சட்டம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கிறதாம், சொல்லில் உள்ள எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை எண்ணாக்கிப் பார்க்க வேண்டுமாம். எட்டும் நாலும் ஆகவே ஆகாது. ஆறு என்றால் வீடு நிறையும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். அண்ணி குசினிக்குள் வேலை செய்துகொண்டே கூட்டிச் சொன்னார். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு சொல் எடுத்துக் கொடுத்தேன்.

"வர்க்," என்றேன். "வேலை. ஆரும் இருக்கு, கேயும் இருக்கு."

அண்ணி விரலை மடக்கினார். "எட்டு."

"பாத்தியளே, வேலையே எட்டாம். அதுதான் எங்களுக்கு வேலை செய்யப் பிடிக்கேல்ல."

"லாண்ட்மார்க்?"

"நாலு."

"கிங்ஃபிஷர்?"

"அதுவும் எட்டு. ஏன் தம்பி, மீன்கொத்திக்கும் டைலுக்கும் என்ன?"

"ஸ்பார்க்?"

"அது கரண்ட் வேலைக்காரருக்கு," என்றார் அண்ணை.

"இப்பிடி மண்டையை உடைக்காம போனில போட்டுப் பாருங்கோவன்," என்றார் அண்ணி. "எழுத்தைக் குடுத்தா சொல்லுத் தாற வெப்சைட் எல்லாம் இருக்கு."

அண்ணை என் தலையில் தட்டினார். "இவன் இருக்கேக்க எனக்கு ஏன் வெப்சைட்? எனக்கு இவன் காணும்."

நான் மேசையில் கிடந்த கரண்டியைச் சுற்றிக்கொண்டு யோசித்தேன். வர்க் என்ற சொல்லை விட மனமில்லை. அதற்கு முன்னால் எதையாவது ஒட்டிப் பார்த்தேன். நெட்வர்க், நாலு. பிறகு வந்தது.

"ஆர்ட்வர்க்."

அண்ணி கூட்டினார். இன்னொரு முறை கூட்டினார். குசினியை விட்டு வெளியே வந்தார். "ஆறு."

அண்ணை எழும்பி நின்றார். டைல் வேலையும் ஒரு சித்திர வேலைதானே, இதைவிட வேறு என்ன பெயர் வேண்டும் என்றார். வேனின் பக்கத்தில் எந்த நிறத்தில் எழுதுவது, கீழே இரண்டு பேருடைய போன் நம்பரும் எப்படி வரும் என்று ஒரு பழைய காஸ் பில்லின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். அன்றைக்கு அண்ணி இடியப்பத்தோடு இறால் கறி தந்தார். சாப்பிடும்போது இன்னொரு நல்ல செய்தியும் சொன்னார். லண்டனில் இருக்கிற அவருடைய தம்பிக்கு இங்கே வர விசா கிடைத்துவிட்டதாம். வீட்டில் அந்தத் தம்பியைச் சின்னவன் என்றுதான் சொல்வார்கள்.

"சின்னவன் வந்தா இஞ்சதான் இருப்பான்," என்றார் அண்ணி.

"வரட்டும். பசை குழைக்க ஆள் வேணும்தானே," என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. இறால் கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மாதம் போல இருக்கும், மோட்டர்வேயில் வண்டி நின்றது. முன்னால் நின்ற காருக்கு நான் சொல்லைச் சொல்லிவிட்டேன், அண்ணை அதைக் கவனிக்கவே இல்லை.

"டேய், அந்த ஆர்ட்வர்க் சரிவராதாம்."

"ஆர் சொன்னது?"

"ஊரில ஒரு சாத்திரக்காரர். அண்ணி வாட்ஸப்பில கேட்டவ. என்ர நட்சத்திரத்துக்கு எம் எழுத்துக் கட்டாயம் வேணுமாம். கே ஒத்துவராதாம்."

"என்ர எழுத்தோ?"

"எழுத்துத்தான்டா. ஆள் இல்லை."

"ஆளைப் பத்தி அவரிட்டக் கேட்டனீங்களோ?"

அண்ணை சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. முன்னால் வண்டி நகர்ந்தும் அவர் கியரைப் போடவில்லை, பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.

"மூண்டும் இருக்கிற சொல்லு எத்தனையோ இருக்கு அண்ணை," என்றேன். "ரிமார்க். பெஞ்ச்மார்க். ஆர் இருக்கு, எம் இருக்கு, கேயும் ஒரு மூலையில நிண்டிட்டுப் போகும்."

"கே வேண்டாமெண்டு சொல்லுறன்."

குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தது. பிறகு தானாகவே இறங்கி வந்தார். "பேரில எழுத்து இல்லாட்டி என்னடா? வேலையில நீ இருக்கிறாய்தானே. உன்னால ஏலாட்டி விடு, நான் வேற ஆரையும் கேக்கிறன்."

இதுதான் அவருடைய கெட்டித்தனம். என்னால் ஏலாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இடத்திலேயே காது சூடாகிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். காலை முழுக்க எம்மும் ஆரும் வைத்துக்கொண்டு தேடினேன், கேயைத் தொடாமல். மார்பிள் என்றதும் அண்ணை துள்ளினார். டைல்ஸ்காரனுக்கு மார்பிளைவிட நல்ல சொல் உண்டா. போனில் அண்ணியிடம் கேட்டார், எட்டு என்று பதில் வந்தது. மிரர் சொன்னேன், ஒன்பது. பகல் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பணக்கார வீட்டுக் குளியலறையில் தொட்டிக்குள் உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தபோது அந்தச் சொல் வந்தது. எம் உண்டு, ஆர் உண்டு, ஆறு வருகிறது, வாயில் வைத்தால் இனிக்கிறது.

அதை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு தெரியும்.

அண்ணை தொட்டிக்குள் எட்டி என்னைக் கட்டிப் பிடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை வெளியே விடுகிற சொல்லை நானே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு அதற்குப் பாராட்டும் வாங்கினேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் கோபிக்க மாட்டேன். நானே சிரித்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒன்றாகவே இத்தாலிக்காரரிடம் வேலை விடுவதாகச் சொன்னோம். அவர் என்னைத்தான் அதிகமாகப் பார்த்தார்.

புது வேனுக்குப் பூசை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், சனிக்கிழமை காலை. புது வண்டி எடுத்தால் சிட்னித் தமிழர் முதலில் அங்கேதான் கொண்டுபோவார்கள். கார் பார்க்கில் நிறுத்தி, ஐயர் வந்து சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். எலுமிச்சம்பழமும் தேங்காயும் வாங்கி வருவது என் பொறுப்பு. அண்ணைதான் சொல்லியிருந்தார். வேட்டி கட்டினேன். வேட்டியோடு ட்ரெயினில் வந்தேன். அதற்கு முந்திய நாள் ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் எடுத்து என் நட்சத்திரம் என்ன என்று கேட்டு வைத்திருந்தேன், எனக்குத் தெரியாது. சதயம் என்றார். எதற்கு என்று கேட்டார். வேனுக்கு அர்ச்சனை செய்கிறோம் அம்மா, முதலாளிமாரின் பெயர் நட்சத்திரம் எல்லாம் ஐயர் கேட்பார் என்றேன். அம்மா அழுதார். அம்மா எதற்கும் அழுவார்.

வேன் வந்து நின்றது. பளபளவென்று வெள்ளை. பக்கத்தில் பச்சை எழுத்தில் என் சொல். எனக்கு மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். கீழே இரண்டு போன் நம்பர். முதலாவது அண்ணையுடையது. இரண்டாவது என்னுடையது இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டினவன் பிழை விட்டுவிட்டான் என்று நினைத்தேன். எப்படி நினைக்காமல் இருப்பது. இறங்கி வந்த அண்ணையிடம் சொல்லத் திரும்பினேன், அதற்குள் ஐயர் தட்டோடு வந்துவிட்டார்.

வேனில் இருந்து அண்ணி இறங்கினார். அவருக்குப் பின்னால் நல்ல உயரமான ஒருவர், லண்டன் சப்பாத்து. சின்னவன். வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும், நான் அன்றைக்குத்தான் முதல்முறை காண்கிறேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஆர் பேரில அர்ச்சனை? நாமம், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

அண்ணை தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அண்ணி தன்னுடையதைச் சொன்னார். நான் சதயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்தது நான்தானே.

அண்ணை என் பக்கம் திரும்பாமல் சின்னவனின் முழுப் பெயரைச் சொன்னார். நான் அதுவரை கேள்விப்படாத பெயர். எம்மில் தொடங்கியது.

ஐயர் என்னைப் பார்த்தார். கையில் எலுமிச்சம்பழப் பையோடு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறேன், அவருக்கும் குழப்பமாக இருந்திருக்கும். "இவர்?"

"இவர் எங்களோட வேலை செய்யிற பெடியன்," என்றார் அண்ணை. "இவருக்கு வேண்டாம் ஐயா."

மணி அடித்தது. ஐயர் மந்திரம் சொன்னார். மூன்று பெயரும் மூன்று நட்சத்திரமும் வரிசையாக வந்துபோயின. நான் குனிந்து, நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வைக்கிற ஆள் நான்தானே. ஒன்று கையை விட்டு உருண்டு போய்விட்டது. அதைச் சின்னவன் எடுத்துத் தந்தார், "தாங்க் யூ ப்ரோ" என்று அவரே என்னிடம் சொன்னார். எதற்கு என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் அண்ணை என்னைக் கார் பார்க்கின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டு விசயமடா. அவன் வந்து நிக்கேக்க நான் என்ன செய்யிறது? அவள் ஒவ்வொரு நாளும் அழுறாள். உனக்கு வேலை இருக்கு. அண்டண்டைக்குச் சம்பளம். உன்னை விடமாட்டன்."

"சாத்திரக்காரர் எண்டு ஒருத்தர் உண்மையா இருக்கிறாரோ?"

அவர் வேன் சாவியை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எழுத்து மட்டும்தான் எண்டு சொன்னீங்கள், ஆள் இல்லையெண்டு சொன்னீங்கள்," என்றேன். "அண்ணை, அப்பவே சொல்லியிருந்தா நான் அந்த அப்ரண்டிஸை எண்டாலும் எடுத்திருப்பன்."

"எனக்கு அப்ப தெரியாதடா."

"அப்ப எம் எங்கயிருந்து வந்தது?"

அண்ணை என் தோளில் கை வைத்தார். நான் அதை எடுத்துவிடவில்லை. தட்டிவிட வேண்டும் என்றுதான் மனம் சொன்னது, ஆனால் பழகின கை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

"வா, ஏறு. முதல் சுத்து ஒண்டு போட்டு வருவம்."

முன் சீட்டுகளில் அண்ணியும் சின்னவனும் ஏறிவிட்டார்கள். வேனின் பின்பக்கம் சீட் கிடையாது. டைல் வெட்டுகிற மிஷினும் வாளிகளும்தான்.

"நீங்கள் போட்டு வாங்கோ," என்றேன். "நான் வாளிக்குள்ள இருக்கப் பழகேல்ல."

வேன் நகர்ந்தது, பழம் நாலும் சத்தமில்லாமல் நசுங்கின. வண்டி போன பிறகு குனிந்து தோலைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பூசைக் குப்பையைத் தயவுசெய்து அகற்றவும் என்று அங்கே இங்கிலிஷில் போர்டு இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், வாசித்தால் செய்துவிடுவேன். பிறகு வேட்டியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ரோட்டில் கார் மேல் கார். ஒவ்வொரு பிளேட்டுக்கும் மண்டைக்குள் சொல் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தத் தெரியவில்லை. ஒரு காரில் எல், எஃப், எஸ். ஃபூல்ஸ். பன்மை வேண்டாம், ஒருத்தன்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை இத்தாலிக்காரரிடம் போனேன். அப்ரண்டிஸ் இடத்தை வேறு ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. நாள் வேலைக்கு வா என்றார், போனேன். அந்தப் பையனுக்கு நான்தான் மூலை வெட்டக் காட்டிக் கொடுக்கிறேன். அவன் படித்து முடித்து லைசென்ஸ் எடுப்பான். நான் பசை குழைக்கிறேன். இப்போது பிளேட் பார்த்துத் தோற்க வேண்டிய அவசியமில்லை, தோற்காமலே குழைக்கிறேன்.

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வேன் நன்றாக ஓடுகிறதா என்று கேட்கிறார். ஓடுகிறது என்கிறேன். ஓடுகிறதுதானே.

மூன்று நாலு மாதம் கழித்து, பகல் சாப்பாட்டு நேரம், அண்ணையின் போன். எடுக்காமல் விடலாம் என்று பார்த்தேன். எடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஒரு நப்பாசை. வா, வந்து சேர் என்று சொல்லுவார் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு வெட்கம் கெட்ட மனம்.

"எப்பிடியடா இருக்கிறாய்?"

"இருக்கிறன் அண்ணை."

"ஒரு சிக்கல். நீ சொன்ன அந்தப் பேர் வேற ஒருத்தனுக்கு இருக்காம். பெரிய கம்பெனி. கடிதம் போட்டிருக்கிறான், பேரைக் கழட்டு எண்டு."

பெயரைப் பதிகிறதற்கு முன்னாலேயே வேனில் ஒட்டிவிட்டார்கள். பூசைக்கு நல்ல நாள் தவறிவிடும் என்று அண்ணி அவசரப்படுத்தினாராம். எண்ணைக் கூட்டிப் பார்த்தவர்கள், அந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இப்போது பச்சை எழுத்தை எல்லாம் சுரண்டி எடுக்கிறார்கள். நான் அந்தச் சொல்லை இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். அது வேறொருத்தருடைய பெயர், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

"அதுதான், இன்னொரு சொல்லு வேணும்," என்றார். "எம்மும் ஆரும். ஆறு வரவேணும். உனக்கு இது ஒரு நிமிச வேலைதானே."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொல்லி முடிக்கிறதற்குள் எம்பரர் என்று ஒரு சொல் வந்து நின்றது. சக்கரவர்த்தி. அண்ணியின் எண் எல்லாம் இப்போது எனக்கும் பாடம், மனதுக்குள் கூட்டினேன், ஆறு. அண்ணைக்கு எவ்வளவு பிடிக்கும் என்றும் தெரியும். அந்தச் சொல்லைச் சொன்னால் வேனுக்குள் இருந்து ஸ்டியரிங்கைத் தட்டுகிற சத்தம் கேட்கும், அதையும் நினைத்துப் பார்த்தேன்.

"அண்ணை," என்றேன், "கே இல்லாம வராது."

அந்தப் பக்கத்தில் வேனின் சிக்னல் டிக் டிக் என்று அடிக்கிறது கேட்டது. எங்கேயோ திரும்புவதற்கு நிற்கிறார்கள்.

"நல்லா யோசிச்சுப் பாத்தியோ?"

"பாத்தன். ஒண்டுமே இல்லை. கே கட்டாயம் வேணும்."

அவருக்கு விளங்கியது. எனக்குத் தெரியும், அவர் மூச்சு விடுகிற விதம் எனக்குத் தெரியும். நான் காத்திருந்தேன். சரியடா, கேயைப் போடுவம் என்று ஒரு வார்த்தை. வேனில் எழுதவும் வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

பக்கத்தில் சின்னவன் ஏதோ சொன்னார். அண்ணை போனைக் கொஞ்சம் தூரப் பிடித்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"சரி தம்பி, நீ கஷ்டப்படாத. இவன் போனில பாக்கிறானாம். எழுத்தைப் போட்டா சொல்லெல்லாம் வருமாம்."

"அண்ணி அண்டைக்கே சொன்னவதானே."

"ஓமோம். வேண்டிய எழுத்துக்கு ஒரு பெட்டி, வேண்டாத எழுத்துக்கு வேற ஒரு பெட்டி இருக்காம்."

"நல்லது அண்ணை," என்றேன். "வேண்டாத பெட்டியில எதைப் போடவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன். பிறகு வாளிக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பசை மூட்டையைப் பிரித்தேன். அந்தப் பையன் மூலை வெட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான்.